அந்தப் பக்கத்தில் யார்

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் இடுப்பு வலி மட்டும் கட்டினவரைவிட விசுவாசமாக என்னோடேயே இருக்கிறது. உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தனியாள்தானே என்று பிஸ்கட்டில் ஓட்டுகிறாயா?

இந்தக் காலத்தில் எவள் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் பேசலாமென்றால் என் பார்லருக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. மெசேஜ் அனுப்பலாமென்றால் என் போனுக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தவளே மைனாதான். அவள் கண் படாத இடம் தபால்பெட்டி ஒன்றுதான்.

விஷயமும் மைனாவைப் பற்றியதுதான். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று நீதானே அந்தப் பெயரை வைத்தாய்? பதினாறு வயதில் அந்த வாய்க்குத் திண்டுக்கல் பூட்டுப் போட்டது போல ஆகிவிட்டது. மார்க் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, அறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. நானும் அவள் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருக்கிறது, அவள்தான் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஹேர்பின் எடுத்துக் கொடுக்க இவளைக் கூப்பிட்டேன். கீழே விழுந்த பின்னை எடுக்கக் குனிந்தாள். உச்சந்தலையில் பளபளவென்று ஒரு வழுக்கை. மணப்பெண்ணின் அம்மா பார்த்துவிட்டாள். "ஐயோ, புழுவெட்டா?" என்று கேட்டாள். கடை மூடினதும் உட்காரவைத்து விசாரித்தேன். புழுவுமில்லை பூச்சியுமில்லை. இவளே பிடுங்குகிறாளாம். ஒவ்வொரு முடியாக.

"ஏன்டி?"

"தெரியலம்மா."

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சடை வளர்த்துவிடுகிறவள் மகள் தலையில் முடியில்லை என்றால் என் கடைக்கு எவள் வருவாள்? நீ ஆன்லைனில் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் மனசு சரிசெய்கிறாயே, உன் அக்கா பிள்ளைக்கும் ஏதாவது வழி சொல்.

உன் அத்தான் லாரியோடு போயிருக்கிறார். அவருக்கு இது தெரியாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

•

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி அப்படியேதான் இருக்கிறது, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் இடுப்புக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது?

மைனா செய்வது திமிரும் இல்லை, பைத்தியமும் இல்லை. மனசு தாங்காத பிள்ளைகளில் சிலருக்கு இது வரும். நிறுத்து என்று சொன்னால் நிற்காது. திட்டினால் கூடும். முதல் காரியமாக அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுக் கொடு.

எங்கள் சேவையின் முகவரியை இதோடு ஒரு சீட்டில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் போனிலேயே எழுதலாம். பெயர் கேட்கமாட்டோம், காசு கிடையாது. எழுதினால் எங்களில் ஒருவர் உட்கார்ந்து கேட்பார். தேவைப்பட்டால் மருத்துவரிடம் போக வழி சொல்வோம். சீட்டை அவள் மேசைமேல் வைத்துவிட்டு நீ பாட்டுக்கு வந்துவிடு. எழுதினாயா என்று கேட்காதே. அவளாகப் போகவேண்டும்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தங்கை

•

மார்ச் 6

தங்கைக்கு,

நலம். உன் நலம் அறியத்தான் இரண்டு நாளாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னபடியே செய்தேன். மேசைமேல் வைத்தால் குப்பை என்று போட்டுவிடுவாளே என்று கையிலேயே கொடுத்தேன். "இந்தா, உன் கிறுக்குக்கு வைத்தியம்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு எதற்குத்தான் சிரிப்பு வருகிறது?

ஆனால் பலித்துவிட்டது. சாயங்காலமானால் போனும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறாள். கட்டைவிரல் இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. எட்டிப் பார்த்தால் திரையைக் கவிழ்த்துவிடுகிறாள். என்னிடம் "ம்", "சரி", "தெரியல" என்று மூன்று வார்த்தைக்குமேல் பேசாதவளுக்கு அங்கே அப்படி என்ன பேச்சு?

உனக்குப் பக்கத்து நாற்காலியில்தானே யாரோ அவளுடன் பேசுவார்கள்? பார்த்து எனக்கு எழுது. முழுக்க வேண்டாம், என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பது மட்டும் போதும். பெற்றவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அலுவலகத்தில் மட்டும் ஏசியில் குளிர்ந்து நடுங்குகிறோம்.

நீ கேட்டது நடக்காது. கோபித்துக்கொள்ளாதே. எங்கள் அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருக்கிறது. வாசலிலேயே போனை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். எழுதுவது யாரென்று எங்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் என்று சின்னச் சந்தேகம் வந்தால்கூடக் கையைத் தூக்கவேண்டும். உடனே மேற்பார்வையாளர் வந்து அந்த உரையாடலை வேறொருவருக்கு மாற்றிவிடுவார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் வெளியே பேசலாம். மற்றபடி அந்தப் பிள்ளை சொன்னது அந்தப் பிள்ளைக்கே சொந்தம்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நீதானே சொல்வாய்? மனசும் வேறுதான் அக்கா.

அவள் எழுதுகிறாள் என்பதே நல்ல செய்தி. அதோடு விடு.

அன்புடன்,
தங்கை

•

ஏப்ரல் 20

தங்கைக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியுமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அந்தத் தலைவலிக்குக் கண்ணைப் பரிசோதித்துப் பார் என்று சொன்னேனே, போனாயா?

மைனா இப்போது தட்டில் போட்டதைத் தின்கிறாள். நேற்றுக் குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. முந்தாநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். நான் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன், நூல் அறுந்துபோனது. அவள் சிரித்து ஒரு வருஷம் ஆகிறதடி. போய்ப் பார்த்தால் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பத்து மாதம் சுமந்தவள் இங்கே நிற்கிறேன், முகம் தெரியாத எவளோ சொன்னதற்குச் சிரிக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். வயிறுதான் எரிந்தது.

சிரிப்பு வந்துவிட்டதே தவிர முடி வரவில்லை. வழுக்கை காதுவரை இறங்கிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து கல்யாண சீசன், கடை நிறையக் கூட்டம் இருக்கும். அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மொத்தமாக மழித்துவிடப் போகிறேன். பிடுங்க ஒன்றும் இல்லையென்றால் எதைப் பிடுங்குவாள்? என்னிடமே நல்ல விக் இருக்கிறது. ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

உன் சேவைக்கு நன்றி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 24

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. கிடைத்தவுடன் எழுதுகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதே. அவள் முடி மறுபடி வளரும். இப்போது முன்பைவிடக் குறைவாகத்தான் பிடுங்குகிறாள், கை பரபரக்கும்போது ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நாள் பொறு.

இன்னொன்று. வாடிக்கையாளர் எதிரில் அவளை "உரிச்ச கோழி" என்று கூப்பிடாதே. எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பது வலிக்கவில்லை என்பதற்காக இல்லை. உனக்குக் கோபம் வரக்கூடாதே என்றுதான்.

உன் காலில் விழுகிறேன். கத்திரியை எடுக்காதே.

தங்கை

•

மே 8

அன்புத் தங்கைக்கு,

நான் மிகவும் நலம். நீயும் நலம் என்று தெரிந்துகொண்டேன். ஊர்ப் பிள்ளைகளோடு சேர்த்து வீட்டுப் பிள்ளையையும் கவனித்துக்கொள்கிற அளவுக்கு நலம்.

உன் கடிதம் வந்தபோது தரையைக் கூட்டியாகிவிட்டது. ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துத்தான் எடுத்தேன். காத்திருந்த இரண்டு பெண்கள்கூட, "பரவால்ல, தலை நல்ல உருண்டை" என்றார்கள். அவள் முரண்டு பிடிக்கவில்லை. மெஷின் ஓடி முடியும்வரை எதையோ கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். என்னவென்று பிரித்துப் பார்த்தேன். ரப்பர் பந்து.

உன் அத்தான் வந்தார். பார்த்தார். "காத்தாட இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் அக்கறை.

இப்போது நம் கதைக்கு வருவோம். "உரிச்ச கோழி" என்று நான் அவளைக் கூப்பிடுவது உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லை. என் கடிதங்களுக்கு நகல் கிடையாது, ஆனால் எனக்கு ஞாபகம் உண்டு. அவள் உன்னோடு போனில் பேசியும் வருஷக்கணக்கில் ஆகிறது. ரப்பர் பந்தைப் பற்றி எனக்கே தெரியாதே!

கையைத் தூக்கவேண்டும் என்று எழுதினாயே, தூக்கினாயா?

நான் படிக்காதவள், சுற்றி வளைக்கத் தெரியாது. இனிமேல் அவள் எழுதுவதை எனக்கு எழுது. இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யாரென்று நானே அவளிடம் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

மே 25

அக்காவுக்கு,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். நீ சொன்னது உண்மை.

மார்ச் கடைசியில் ஒரு மாலை. திரையில் ஒரு பெண் எழுதினாள்: "எங்க வீட்ல என் ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல." அடுத்த வரியில் பார்லர் வந்தது. மேற்பார்வையாளர் இரண்டு மேசை தள்ளித்தான் நின்றிருந்தார். என் கை மடியிலேயே இருந்தது. அவள் அதற்குள், "நீங்க இருக்கீங்களா?" என்று எழுதினாள். "இருக்கேன்" என்று நான் அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் எப்போது வந்தாலும் என்னையே கேட்டு வந்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். வேலை முடிந்து நான் போகிற அறையில் "இருக்கீங்களா" என்று கேட்க யாருமில்லை அக்கா. என்னைத் தேடி ஒருத்தி வந்தாள், அதை விட மனம் வரவில்லை. அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது திடீரென்று நான்தான் என்று தெரிந்தால் அவள் நொறுங்கிப்போவாள். நான் மெல்ல மெல்ல அவளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே. அதற்காக உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதுவும் நல்ல செய்தி என்பதால்.

அவளுக்குச் சாகும் எண்ணம் இல்லை. போகும் எண்ணம்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் பள்ளி முடிந்ததும் லேப் டெக்னீசியன் படிப்பு படிக்க வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். விடுதியோடு உதவித்தொகை. அறிவியல் டீச்சர் உதவியிருக்கிறார். அந்த விடுதி அறையைப் பற்றிப் பேசும்போதுதான் அவள் சிரிப்பாள். "கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்காம்" என்று எழுதினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறாள். தெரியாத மாதிரி இருந்துவிடு.

வாக்குக் கொடு. இதற்குமேல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

தங்கை

•

ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

நலம் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்று உண்மையாகவே நலம், இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

நீ வாக்குக் கேட்டாய். நான் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

பள்ளி திறந்த அன்றே போனேன். அந்த அறிவியல் டீச்சர், "நல்ல பொண்ணுங்க, படிக்க விடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பிள்ளையா இருந்தா மொட்டைத் தலையோட வெளியூருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். தலைமையாசிரியர் எதிரிலேயே கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து, அந்த விண்ணப்பம் வேண்டாமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அவளுக்கு விக் ஒட்டினேன். பசை காய்கிறவரை தலையை அசைக்கக்கூடாது. அந்த நேரத்தில்தான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல். "என்னைத் தேடி ஒருத்தி வந்தாள்" என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை.

அழுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தியா?" என்றாள்.

"சித்திதான். உன்ன மாதிரி அவளுக்கும் பொழுது போகலையாம்" என்றேன்.

கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள். பிறகு, "பசை காஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். எனக்கே ஆச்சரியம். இப்போது போனை மேசைமேல் மல்லாக்கப் போட்டுவிடுகிறாள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடையில் வந்து நிற்கிறாள். நகப்பூச்சு அழகாகப் போடுகிறாள். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறாள். இனி அவளுக்கு நான் ஒருத்திதான். நீ மூன்று மாதத்தில் செய்யாததை நான் ஒரு சாயங்காலத்தில் செய்தேன்.

என்மேல் கோபம் வேண்டாம். பெற்ற மனம் பித்து என்பார்கள்.

வெயிலில் அலையாதே.

உன் அக்கா

•

ஜூலை 2

என் மைனாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

அம்மா படித்துக் காட்டியதாகச் சொன்ன அந்த வாரத்தில் நீ ஒரே ஒரு தடவை எங்கள் சேவைக்கு வந்தாய். என் திரையில் நீ எழுதியது, "நல்லா இருக்கீங்களா சித்தி? சாப்பிட்டீங்களா?" நான் பதில் அடிப்பதற்குள் மூடிவிட்டாய். அதற்குப் பிறகும் நான் விளக்கு அணைக்கிறவரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இனி யாரை நம்பச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். என் போனை எடுத்துக் கொடுத்தார். நான் இறங்கி வந்துவிட்டேன். இப்போது கீழே அதே மெத்தைக் கடையில் பில் போடுகிறேன். வேறு வேலை கிடைக்கிறவரை.

மைனா, நான் செய்தது துரோகம். ஆனால் அங்கே இருக்கிற மற்றவர்கள் நான் இல்லை. அவர்கள் கை தூக்குகிறவர்கள். ராத்திரியில் எழுதும் எத்தனையோ பிள்ளைகளைக் காலைவரை கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர்கள். என்னை வைத்து அவர்களை அளக்காதே. எப்போதாவது மனசு கனமாக இருந்தால் அவர்களுக்கு எழுது. எனக்கு வேண்டாம், அவர்களுக்கு எழுது.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி. இல்லையென்றால் திட்டியாவது ஒரு வரி போடு.

சித்தி

•

செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய சித்திக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவும் அப்பாவும் நலம். உங்கள் தலைவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் ஜூலையிலேயே கிடைத்தது. அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். இதையும் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். படிக்கட்டும். எனக்கு இப்போது எழுதவும் பேசவும் ரகசியமாக எதுவும் இல்லை.

விக் பழகிவிட்டது. சீசனில் கடையில் நல்ல கூட்டம். மணப்பெண்களுக்குக் கண் மை நான்தான் போடுகிறேன். கை நடுங்குவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

திட்டியாவது எழுதச் சொல்லியிருந்தீர்கள். திட்டத் தோன்றவில்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும்.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பின்பெஞ்சு. எந்த வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டரோடுதான் வருவாள். ஆகஸ்டில் ஒரு நாள் கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏதோ ஒரு இடத்துக்கு எழுதுவியாமே. அந்த அட்ரஸ் குடேன். எனக்கு யாருமே இல்ல" என்றாள்.

அந்த முகவரி எனக்கு மனப்பாடம். சொல்ல வாயெடுத்தேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

"வேணாம். அந்தப் பக்கம் யாரு உக்காந்திருக்காங்கன்னு நமக்குத் தெரியாது" என்றேன்.

"நல்லவங்களா இருக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"நல்லவங்கதான். அதான் பிரச்சினை" என்றேன்.

அவள் சிரித்தாள். குழாயை மூடிவிட்டு, "சரி, விடு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

போன திங்கட்கிழமை அவள் செத்துப்போனாள். தானாகவேதான். பள்ளிக்கு ஒரு நாள் லீவு விட்டார்கள். நாங்கள் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்த்தோம். அவள் அம்மா ஒவ்வொரு பெண்ணாக நிறுத்தி, "உன்கிட்ட ஏதாவது சொன்னாளா? உன்கிட்ட ஏதாவது கேட்டாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி" என்றேன்.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. யோசித்துப் பார்த்ததில் உங்களைத் தவிர யாரும் தோன்றவில்லை. அதற்காக நான் உங்களை நம்புகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

பதில் போடவேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்